அசையாமல் நின்ற இறக்கை

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போதுதான் எனக்கு அது முதன்முதலாக உறைத்தது.

எங்கள் ஊர் ஒரு பக்கம், கண்மாய்க்கு அந்தக் கரையில் இருக்கும் ஊர் மறுபக்கம். நடுவில் கட்டிய சிவப்புத் துணி சுண்ணாம்புக் கோட்டுக்கு நேர் மேலே நின்றது. இங்கும் வரவில்லை, அங்கும் போகவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குச் சலித்துவிட்டது. "என்னலே, தூங்குதீங்களா? எவனாவது இழுங்கலே!" என்று ஒரு குரல். முன்வரிசையில் நின்ற எனக்கு மட்டுமல்லவா தெரியும்! குதிகால் கரிசல் மண்ணில் பாதி புதைந்திருந்தது. உள்ளங்கைத் தோல் எரிந்தது. கயிறு விரலுக்குள் தந்திபோல் அதிர்ந்துகொண்டிருந்தது.

'அடேய், அசையாமல் நிற்கிறது என்றால் அங்கே விசையே இல்லை என்று அர்த்தமில்லை. ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி என்றுதான் அர்த்தம்.'

பாலிடெக்னிக்கில் சமன்பட்ட விசை, சமன்படாத விசை என்று கோடு போட்டு அம்புக்குறி வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த அம்புக்குறி என் கைத்தோலை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் பாடம் விளங்கியது. அந்த மகிழ்ச்சியில் திளைக்க நேரமில்லை. கயிறு நடுவில் அறுந்தது. இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் மல்லாக்க விழுந்தன. யார் ஜெயித்தது என்ற வழக்கு அன்று தொடங்கியது. அது எப்படி முடிந்தது என்பதை இந்தக் கட்டுரையிலேயே சொல்கிறேன்.

எனக்கு வயது முப்பத்து மூன்று. 'ஓய்வுபெற்ற தொழிலாளி' என்று போட்டுக்கொண்டால் சிரிப்பீர்கள். என்ன செய்வது, உண்மை அதுதான். கோவில்பட்டியிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் கரிசல் காட்டில் வரிசை வரிசையாகச் சுற்றுகின்றனவே காற்றாலைகள், அவற்றைத் தூக்கி நிறுவும் குழுவில் இருந்தேன். போன வருஷம் புதியம்புத்தூர் சாலையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. வண்டியை நிறுத்த பிரேக் இருந்தது, என்னை நிறுத்தத் தார்ச்சாலைதான் இருந்தது. ஆடு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. இடது தோளில் தசைநார் கிழிந்தது. இனி கயிறு பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

போன வாரம் குழுவின் புதுப் பையன்கள் போனில் கூப்பிட்டார்கள். இறக்கையைக் கவ்விப் பிடிக்கும் புது எந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். கீழே நின்று ஒருவர் பொத்தானை அழுத்தினால், அதுவே இறக்கையைத் திருப்பி நிறுத்துமாம். "அண்ணே, நீங்கள்லாம் இத வெறுங்கையால கயிறு கட்டியா புடிச்சீங்க? எப்படின்னு எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். எழுதாமல் இருப்பேனா?

தொழில் படித்த காலத்தைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முடிச்சு போடக் கற்றேன். ஏணி ஏறக் கற்றேன். மேலே போனால் கீழே பார்க்கக் கூடாது என்று கற்றேன், உடனே பார்த்தேன், வாந்தி எடுத்தேன். பிறகு பழகிவிட்டது. உண்மையான படிப்பு மீரான் பாயிடம் சேர்ந்த பிறகுதான்.

மீரான் பாய்தான் தூக்கும் வேலைக்கெல்லாம் பொறுப்பாளர். கோவில்பட்டி கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். பொறியியல் படித்தவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கரிசல் மண்ணில் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அதில் ஒரு பொட்டுக் கறை படாது. அதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. எங்கள் கறுத்த பனியன்களைப் பார்த்து, "என்ன வே, மண்ண மேல போட்டுக்கிட்டாத்தான் வேலை செஞ்ச மாதிரியா?" என்பார்.

அவருடைய முறை ஒன்று உண்டு. எந்தப் பாரமானாலும் முதலில் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்வார். தூக்கியதும், "நிறுத்து" என்பார். பிறகு டீ வாங்கி வரச் சொல்வார். பாரம் ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் நிதானமாக ஊதி ஊதிக் குடிப்பார். ஆனால் கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. கிரேன் கால்களுக்கு அடியில் போட்ட இரும்புத் தகடுகளைப் பார்க்கும். பாரத்தைச் சுற்றிய வார்களைப் பார்க்கும். கொக்கி பாரத்தின் நடுவுக்கு நேரே இருக்கிறதா என்று பார்க்கும். எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்காது.

"பாய், எல்லாம் சரியாத்தான இருக்கு? ஏத்திரலாமே."

"தொங்குறது தொங்கட்டும் செல்வம். அவசரம் உமக்குத்தான், அதுக்கில்ல."

ஒரு நாள் அந்த டீ பாதியில் நின்றது. இரண்டு நாள் முன்பு மழை. மேல்மண் காய்ந்து, வெடித்து, கல்லுபோல் இருந்தது. எங்கள் கரிசலின் சூதே அதுதான். மேலே வறட்டி, கீழே பிசைந்த மாவு. கிரேனின் ஒரு காலுக்கு அடியில் போட்ட தகட்டின் ஓரத்தில் இருந்த வெடிப்பு, மெல்ல, மிக மெல்ல அகன்றது. நான் கவனிக்கவில்லை. மீரான் பாய் தம்ளரைக் கீழே வைக்காமலே மறுகையைத் தாழ்த்தி "இறக்கு" என்று காட்டிவிட்டார். அதன்பின் அந்த இடத்தைத் தோண்டி, சரளைக்கல் கொட்டி, இறுக்கி முடிக்கும்வரை வேலை கிடப்பில். மேலிடத்திலிருந்து போனில் ஒரே கூச்சல். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். வைத்ததும் என்னிடம் சொன்னார்:

"நாம எவ்வளவு அமுக்குதோமோ, மண்ணும் அவ்வளவு திருப்பித் தள்ளணும். கொஞ்சம் குறைச்சுத் தள்ளுச்சுன்னா கிரேன் போற வழி ஒண்ணுதான். அவிய போன்ல கத்துனா மண்ணு கேக்குமா?"

கிரேன் ஓட்டுநர் ரெங்கா. எங்கள் பக்கத்துத் தெலுங்கு பேசும் கிராமத்துக்காரர். பதற்றம் வந்தால் மட்டும் தெலுங்கு வரும். அவருடைய கூண்டில், கொக்கியில் எவ்வளவு எடை தொங்குகிறது என்று காட்டும் ஒரு திரை உண்டு. நான் அடிக்கடி அங்கே ஏறி உட்கார்ந்துகொள்வேன். பாரம் சும்மா தொங்கும்போது ஓர் எடை காட்டும். மேலே கிளம்பும்போது எண் ஒரு துள்ளுத் துள்ளும். அதன்பின் சீராக ஏறும்போது பார்த்தால், சும்மா தொங்கியபோது காட்டிய அதே எடை! எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே போகிறதே, கூடுதலாக இழுக்க வேண்டாமா? வேண்டாம். கிளம்பவும் நிறுத்தவும்தான் விசைகளுக்குள் ஏற்றத்தாழ்வு வேண்டும். ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதும் நிற்பதும் விசைக் கணக்கில் ஒன்றுதான். கூண்டிலிருந்து குதித்து ஓடி மீரான் பாயிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"இதச் சொல்லவா இம்புட்டு வேகமா ஓடி வந்தீரு? சீரா நடந்து வந்திருக்கலாமே வே" என்றார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

பங்குனி மாதம். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம், உழுதுபோட்ட புஞ்சைக்கு நடுவே கோபுரம். கடைசி இறக்கையை மாட்ட வேண்டும். கிரேன் அதைப் படுக்கைவாட்டில் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோகும். இறக்கையின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டுக் கனத்தில் போல்ட்டுகள் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். கோபுரத்து உச்சியில் ஆள் உட்கார்ந்து, கையால் வழிகாட்டி, அவை ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்குள் விட வேண்டும். அன்று மேலே உட்கார்ந்திருந்தவன் முருகேசன். என் மனைவியின் தம்பி. அவனுடைய இரண்டு கையும் இறக்கைக்கும் இரும்புக்கும் நடுவே இருந்தன.

இறக்கையின் நுனி காற்றில் ஆடாமல் இருக்க, அதில் இரண்டு நீளக் கயிறுகள் கட்டியிருப்போம். ஒன்று வடக்கே தரைக்கு வரும், ஒன்று தெற்கே. பக்கத்துக்குப் பத்துப் பேர் பிடித்துக்கொள்வார்கள். நுனி வடக்கே போனால் தெற்குக்காரர்கள் லேசாகப் பிடிக்க வேண்டும், வடக்குக்காரர்கள் அதே அளவு விட வேண்டும். விடுவதில்தான் தொழில் இருக்கிறது.

கயிறு பிடிக்க இந்த வட்டாரத்தில் தேர்ந்த ஆட்கள் எங்கள் ஊரும் கண்மாய்க்கு அந்தக் கரை ஊரும்தான். தெற்குக் கயிறு எங்களுக்கு, முன்னால் நான். வடக்குக் கயிறு அவர்களுக்கு, முன்னால் மாடசாமி அண்ணன். பொங்கலுக்கு எதிர்வரிசையில் முதல் ஆளாக நின்ற அதே மாடசாமி. காலையிலேயே மீரான் பாய் எச்சரித்தார்:

"இங்க ஊரெல்லாம் கிடையாது. வடக்கு, தெற்கு. அவ்வளவுதான். கயிறு கையில மட்டும் இருக்கணும். எவனும் இடுப்புல சுத்தப்படாது."

"நாங்க எதுக்குப் பாய் சுத்துதோம்? சுத்துறவன் தோக்கப் பயந்தவன்" என்று மாடசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இறக்கை உச்சிக்குப் போயிற்று. போல்ட்டுகள் துளைக்கு நேரே வந்தன. அப்போதுதான் கிழக்கே உழவு நிலத்திலிருந்து கறுப்பாக ஒரு சூறைக்காற்று எழும்பியது. வைக்கோலும் தூசியுமாகச் சுழன்றுகொண்டு நேரே வந்தது. நுனியைத் தட்டியது. நுனி தெற்கே நகர்ந்தது. வடக்கே "ஹோ" என்று ஒரு சத்தம், பத்துப் பேரும் சாய்ந்து இழுத்தார்கள். நுனி அவர்கள் பக்கம் திரும்பியது. என் பின்னால் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "லே, இழுக்கானுவோலே!" என்று குதிகாலை ஊன்றிவிட்டார்கள். கடைசியில் நின்றவன் பழக்கதோஷத்தில் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். வடக்கிலும் அப்படியே. காற்று வந்த வேகத்தில் போய்விட்டது.

இறக்கை நின்றது. இமை அசையும் அளவுகூட அசையவில்லை. மேலே இருந்து வாக்கிடாக்கியில் முருகேசன் மகிழ்ச்சியாகச் சொன்னான்: "அருமையா நிக்குது பாய். இவ்வளவு ஆடாம எந்த இறக்கையும் நின்னதில்ல."

மீரான் பாய் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். அதற்குள் ரெங்காவின் குரல்.

"பாய், எடை ஏறுது."

"இறக்கை அசையுதா?"

"இல்ல. அப்படியே நிக்குது. எடை மட்டும் ஏறுது. ஏமிரா இது!"

என் கையில் அதே தந்தி அதிர்வு. மேலே இருந்து சாய்வாக வரும் இரண்டு கயிற்றையும் இருபது பேர் இழுத்தால், பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கீழ்நோக்கிய இழுப்போ இரண்டும் சேர்ந்து கொக்கியில் தொங்கும். இறக்கை நிற்கவில்லை, அதைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தோம். ஒரு கயிறு அறுந்தாலும், ஒரு பக்கம் கைவிட்டாலும், நுனி ஒரே வீச்சாக மறுபக்கம் போகும். அடிப்பக்கம் திருகும். முருகேசனின் கை அங்கே இருக்கிறது.

மீரான் பாய் ஓடி வந்து எங்கள் கயிற்றுக்குக் கீழே குனிந்து தோளைக் கொடுத்தார். கனத்தைத் தோளால் அளந்தார். பிறகு பேசினார். குரல் சற்றும் உயரவில்லை.

"முருகேசன், கைய எடுத்துருங்க."

"எடுக்க முடியல பாய். போல்ட்டு ரெண்டு உள்ள போயிருச்சு, கையுறை ஓரம் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. கீழ என்ன பண்ணுதீங்க?"

"ஒண்ணுமில்ல. அப்படியே இருங்க." பிறகு எங்கள் எல்லாருக்கும்: "யாரும் கயித்த விடாதீங்க. பிடியும் தளத்தாதீங்க. இறக்கை நுனிக்கு நேர் கீழ இருக்குற இடத்தப் பாத்து முன்னால நடங்க. ஒரு விசிலுக்கு ஒரு அடி. ரெண்டு பக்கமும் சேந்து."

கயிற்றை விடு என்று சொல்லியிருந்தால் இருபது பேரில் எவனும் ஒரே அளவில் விட்டிருக்க மாட்டான். நடப்பதென்றால் அடியை அளக்கலாம், எதிராளியின் அடியைக் கண்ணால் பார்க்கலாம். அந்த அவசரத்தில் அப்படி ஒரு வழி அவருக்குத் தோன்றியது.

விசில் ஊதினார். ஒருவரும் நகரவில்லை.

கயிறு இழுக்கிறவனுக்கு முன்னால் ஒரு அடி வைப்பதற்குப் பெயர் தோல்வி. சின்ன வயதிலிருந்து காலுக்குப் பழகிய பாடம் அது. வடக்கு தெற்கைப் பார்த்தது, தெற்கு வடக்கைப் பார்த்தது. "அவனுவோ வைக்கட்டும்" என்று எனக்குப் பின்னால் முணுமுணுப்பு. மீரான் பாய் இரண்டாவது தடவை ஊதினார். மேலே முருகேசன், "மச்சான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியின் பொத்தானைத் தாடையால் அழுத்தினேன்.

"மாடசாமி அண்ணே."

"என்னலே."

"பொங்கலுக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க."

"என்னது?"

"நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு சொல்லுதேன். வர்ற பொங்கலுக்கு மைக்குலகூடச் சொல்லுதேன். இப்ப சேந்து ஒரு அடி வைப்போம்ணே."

என் பின்னால் ஒன்பது பேரும் ஒரே குரலில் ஏசினார்கள். "ஏலே செல்வம், நீ நாசமாப் போவ!" எதிர்ப்பக்கம் மாடசாமி அண்ணன் சிரித்தது வாக்கிடாக்கி இல்லாமலே கேட்டது.

"எல்லாப் பயலும் கேட்டீங்களாலே? சரி பாய், ஊதுங்க."

விசில். இரண்டு பக்கமும் ஒரு அடி. கயிற்றின் அதிர்வு ஒரு சுருதி இறங்கியது. விசில். இன்னொரு அடி. ரெங்கா கூண்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்: "இறங்குது... இறங்குது பாய்... இன்னும் இருக்கு..." விசில். "வந்துருச்சு. பழைய எடை!" நிமிர்ந்து பார்த்தேன். இறக்கை முன்பு நின்ற அதே இடத்தில், அதே மாதிரிதான் நின்றது. தரையில் நின்ற எங்களுக்கும் ரெங்காவின் திரைக்கும் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

"கைய எடுத்துட்டேன்" என்றான் முருகேசன். கொஞ்ச நேரம் கழித்து, "போல்ட்டு எல்லாம் போயிருச்சு" என்றான்.

மீரான் பாய் நிமிர்ந்து நின்று தோளைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் கயிற்றுக் கனத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. "சட்டை போச்சு" என்றார். ஒருவரையும் திட்டவில்லை. டீ மட்டும் சொன்னார், எல்லாருக்கும். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கயிற்றிலும் பாதிப் பேர் எங்கள் ஊர், பாதிப் பேர் அந்தக் கரை ஊர். தோற்கடிக்க எதிரில் ஆளில்லாமல் செய்துவிட்டார். அதன்பின் நான் இருந்தவரை எங்கள் கயிறு ஒரு தடவைகூட அப்படி அதிரவில்லை. நான் பார்த்த மூளைகளில் கூரியது எதுவென்று கேட்டால், யோசிக்காமல் அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

அடுத்த பொங்கலுக்கு வாக்குத் தவறாமல் மைக்கைப் பிடித்து, போன வருஷம் ஜெயித்தது அவர்கள்தான் என்று அறிவித்தேன். என் அம்மாவே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

புது எந்திரத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. பொத்தானுக்குச் சொந்த ஊர் கிடையாது, அது நல்லதுதான். தம்பிகளே, அது கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும்போது, எடை காட்டும் திரையையும் ஒரு கண் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது.

எங்கள் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓர் அம்மன் கோயில், ஒரு சிறிய மரத்தேர். தெருவில் எல்லாரும் வடம் பிடித்து இழுக்கிறோம். கண்மாய்க் கரை இறக்கம் வந்ததும் யாரும் இழுக்க வேண்டியதில்லை, தேர் தானாகவே ஓடும். அப்போது ஓர் ஆள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடி, முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகிச் செருகி நிறுத்த வேண்டும். அந்தக் கட்டையில் முருகேசனின் அப்பா இரண்டு கால்விரல்களை இழந்தார். இப்போது கட்டை போடுகிறவன் முருகேசன்.

வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தேருக்குப் பின்னாலும் ஒரு வடம் கட்டப்போகிறோம். இறக்கம் கீழே தள்ளும் அளவுக்குப் பின்னால் இருப்பவர்கள் பிடித்துக்கொண்டே நடந்தால், ரெங்காவின் கொக்கியில் சீராக ஏறிய பாரம்போலத் தேர் ஒரே வேகத்தில் இறங்கும். ஓடாது, குலுங்கி நிற்கவும் வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒருவர் எழுந்து, "தேர இழுக்கப் போறியா, தடுக்கப் போறியா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். சிரித்தார்கள். மாடசாமி அண்ணன் மட்டும் எழுந்து, "பின்வடத்துக்கு முதல் ஆளு நான். பாதி உங்க ஊரு, பாதி எங்க ஊரு. இடுப்புல எவனும் சுத்தப்படாது" என்றார்.

மீரான் பாயிடம் போனில் சொன்னேன். விசிலைக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். பிறகு, "முதல்ல ஒரு சாண் இறக்கி நிறுத்துங்க. நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சுட்டு அப்புறம் விடுங்க" என்றார்.

நேற்று முருகேசன் வந்தான். முட்டுக்கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தான்.

"அப்ப இது வேண்டாமா மச்சான்?"

"கையில வச்சுக்க. சக்கரத்தவிட்டு ரெண்டு அடி தள்ளி நடந்து வா. கூப்பிட்டாத்தான் போடணும்."

"கூப்பிடலன்னா?"

"சும்மா நடந்து வா. தேர நிமிந்து பாத்துக்கிட்டே வா. நீ இதுவரைக்கும் சக்கரத்தத்தான பாத்திருக்க?"